குரூப் 4 டைம்டேபிள்: முதலில் மணியை எண்ணுங்கள்

வேலைக்குப் போய்க்கொண்டே தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வுக்குப் படிப்பவர்கள் போடும் டைம்டேபிள் பெரும்பாலும் பத்து நாள்கூடத் தாங்குவதில்லை. காலை 4 மணிக்கு எழுந்து தமிழ், 6 மணிக்குக் கணக்கு, இரவு 11 வரை வரலாறு என்று ஸ்கெட்ச் பேனாவில் கட்டம் போட்டுச் சுவரில் ஒட்டியிருப்பார்கள். ஒரு கல்யாணத்துக்கோ காய்ச்சலுக்கோ அதில் இடமிருக்காது. மாதக் கடைசியில் ஆபீஸில் எட்டு மணி வரை உட்காரும் நாளுக்கும் இடமிருக்காது. ஒரு நாள் தவறியதும் அடுத்த நாள் இரட்டிப்பாகும். மூன்றாவது நாள் சுவரைப் பார்க்கவே பிடிக்காது.

எனவே அட்டவணையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் கையில் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்று எண்ணுங்கள். வார நாளில் ஒரு மணி காலையில், ஒரு மணி இரவில் என்று வைத்தால் திங்கள் முதல் வெள்ளி வரை 10 மணி. ஞாயிறு 5 மணி. சனிக்கிழமையை விட்டுவிடுங்கள், அது ஏன் என்று பின்னால் வருகிறது. வாரத்துக்கு 15 மணி. தேர்வுக்கு 24 வாரம் இருந்தால் 360 மணி. இதில் 60 மணியை இப்போதே தள்ளிவிடுங்கள். ஊர்த் திருவிழா, உடம்பு சரியில்லாத நாள், வீட்டு விசேஷம் எல்லாம் அந்த 60-க்குள் அடங்கும். மீதி 300 மணிதான் நிஜம். 'தினமும் ஆறு மணி நேரம் படிப்பேன்' என்ற சபதத்தைவிட இந்த 300 எவ்வளவோ நம்பகமானது.

அடுத்து, இந்த 300 மணியைப் பங்கு போட வேண்டும். தேர்வில் மொத்தம் 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். 100 கேள்வி தமிழ்த் தகுதி மற்றும் மதிப்பீட்டுத் தேர்வு, 75 பொது அறிவு, 25 திறனறிவு, அதாவது பெரும்பாலும் கணக்கு. தமிழ்ப் பகுதியில் 150-க்கு 60 எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். ஆனால் 60 என்பது வாசல்படி மட்டும்தான். வேலை கிடைக்கும் அளவுக்கு மதிப்பெண் ஏறுவதும் பெரும்பாலும் தமிழில்தான், ஏனென்றால் பாடநூலை ஒழுங்காகப் படித்தவருக்கு அங்கே தெரியாத கேள்வி குறைவு. ஆகவே தமிழுக்கு 120 மணி, பொது அறிவுக்கு 90, கணக்குக்கு 60, மாதிரித் தேர்வுக்கும் அதைத் திருத்திப் பார்ப்பதற்கும் 30. கணக்குக்கு வெறும் 25 கேள்விதானே, 60 மணி அதிகமில்லையா என்று கேட்கலாம். கணக்கு கையில் பழக வேண்டியது. விகிதம், சதவிகிதம், தனிவட்டி, கூட்டுவட்டி, வேலையும் காலமும் எல்லாம் தினம் அரை மணி போட்டால்தான் நிற்கும். ஞாயிறு மொத்தமாக மூன்று மணி போட்டால் புதன்கிழமை பாதி மறந்திருக்கும்.

இலக்கை மதிப்பெண்ணில் எழுதாதீர்கள். '250 எடுப்பேன்' என்பது விருப்பம், அதை இன்று இரவு எட்டரை மணிக்கு உட்கார்ந்து செய்ய முடியாது. 'எட்டாம் வகுப்புத் தமிழ், இயல் 3, இலக்கணப் பகுதி, 20 கேள்வி' என்று எழுதினால் செய்யலாம், செய்ததா இல்லையா என்று டிக் போடலாம். பாடத்திட்டத்தை அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் இணையதளத்திலிருந்தே எடுங்கள். பாடத்திட்டம் அவ்வப்போது மாறுகிறது. தெரிந்தவர் கொடுத்த பழைய பிரிண்ட்டை வைத்துக்கொண்டு திட்டம் போட்டால் பாடத்தில் இல்லாததைப் படித்து, இருப்பதை விட்டுவிடுவீர்கள்.

நோட்டு இரண்டு போதும். ஒன்று திட்ட நோட்டு. அதில் ஒரு வாரத்துக்கு ஒரு பக்கம்: இடப்பக்கம் இந்த வாரம் முடிக்க வேண்டிய பாடங்கள், வலப்பக்கம் நிஜமாகப் படித்த நிமிடங்கள். உட்கார்ந்த நேரத்தை எழுதாமல், படித்த நேரத்தை எழுதுங்கள். முதல் இரண்டு வாரம் அந்த எண் பார்க்கச் சங்கடமாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

இரண்டாவது தவறு நோட்டு. உண்மையில் மதிப்பெண்ணை ஏற்றுவது இதுதான், ஆனால் பெரும்பாலானோர் இதைத்தான் தவிர்க்கிறார்கள். ஒவ்வொரு தேர்விலும் தவறிய கேள்வியை எழுதி, பக்கத்தில் ஒரே ஒரு எழுத்து போடுங்கள். 'ப' என்றால் படிக்கவே இல்லை, 'ம' மறந்தது, 'கு' குழம்பியது, 'அ' அவசரத்தில் கேள்வியைச் சரியாகப் பார்க்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. 'ப'வுக்குப் புத்தகம். 'ம'வுக்குத் திரும்பப் படிப்பது, படித்த மறுநாள், ஏழாவது நாள், இருபத்தோராம் நாள். 'அ'வுக்கு எந்தப் புத்தகமும் உதவாது, 'பொருந்தாதது எது', 'தவறானது எது' என்ற சொற்களுக்கு அடியில் கோடு போடும் பழக்கம்தான் வேண்டும்.

'கு'வைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். குழப்பத்துக்கு மறுபடி படிப்பது மருந்தாகாது, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். பதினெண்கீழ்க்கணக்கில் திரிகடுகம், சிறுபஞ்சமூலம், ஏலாதி மூன்றும் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஒரே கட்டத்தில் எழுதுங்கள்: திரிகடுகம், மூன்று மருந்து, நல்லாதனார். சிறுபஞ்சமூலம், ஐந்து வேர், காரியாசான். ஏலாதி, ஆறு மருந்துப் பொருள், கணிமேதாவியார். 3, 5, 6 என்று எண்ணைப் பிடித்துக்கொண்டால் பெயர் பின்னாலேயே வரும். அரசியலமைப்பில் சமத்துவ உரிமை பிரிவு 14 முதல் 18, சுதந்திர உரிமை பிரிவு 19 முதல் 22 என்பதையும் இப்படித்தான் ஒரே வரியில் வைக்க வேண்டும். தனித்தனிப் பக்கத்தில் இருக்கும்வரை குழப்பம் தீராது.

பாக்கி விழும், எவ்வளவு ஒழுங்கானவருக்கும் விழும். செவ்வாய்க்கிழமைப் பாடம் தவறினால் புதன்கிழமைப் பாடத்தோடு சேர்க்கக் கூடாது. புதன் தன் பாட்டுக்குப் போகட்டும், செவ்வாய்ப் பாக்கி சனிக்கிழமைக்குப் போகும். சனியை முதலிலேயே காலியாக விட்டது இதற்குத்தான். சனியிலும் தீராவிட்டால் அந்தப் பாடத்தைத் தள்ளி எழுதிவிட்டு, தள்ளி வைத்த 60 மணியிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள். பாக்கி இல்லாத சனிக்கிழமை படிக்கவே வேண்டாம், படம் பார்க்கலாம்.

போனில் சேரும் பி.டி.எஃப் கோப்புகள் தனி வியாதி. நாலு டெலிகிராம் குழு, முந்நூறு கோப்பு, ஒன்றும் திறக்கப்படுவதில்லை. ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான சமச்சீர்ப் பாடநூல், பழைய வினாத்தாள், நடப்பு நிகழ்வுக்கு ஒரே ஒரு மாத இதழ். இவற்றை முடிக்காமல் நான்காவதைத் திறக்காதீர்கள்.

கடைசி எட்டு வாரம் ஞாயிறுதோறும் காலை 9.30-க்கு மாதிரித் தேர்வு, 12.30-க்கு நிறுத்தம். 180 நிமிடத்தில் 200 கேள்வி என்றால் ஒன்றுக்கு 54 விநாடி. விடைத்தாளில் ஒரு வட்டத்தை நிரப்ப 5 விநாடி என்றாலும் 200-க்கு 17 நிமிடம் அதிலேயே போகும். எனவே வீட்டிலும் வட்டம் நிரப்பும் ஓ.எம்.ஆர் விடைத்தாளில் கருப்பு மைப் பந்துமுனைப் பேனாவால்தான் எழுத வேண்டும். தமிழ் 60 நிமிடம், பொது அறிவு 55, கணக்கு 45 என்று வைத்தால் 20 நிமிடம் மிச்சம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை, அதனால் யோசித்து ஊகிக்கலாம். 'விடை தெரியவில்லை' என்ற ஐந்தாவது வட்டமும் இருக்கிறது, எந்த வட்டத்தையும் நிரப்பாமல் ஒரு கேள்வியை விடக் கூடாது.

படிப்புத் திட்டத்திலேயே சான்றிதழ் வேலைக்கும் ஒரு வாரம் ஒதுக்குங்கள். தேர்வாணைய இணையதளத்தில் செய்யும் ஒருமுறைப் பதிவு ஐந்தாண்டுதான் செல்லும், முடிந்திருக்கிறதா என்று பாருங்கள். சாதிச் சான்றிதழிலும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா பாருங்கள். தமிழ்வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத ஒதுக்கீட்டைக் கேட்பவர்கள் ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்ததற்குச் சான்று காட்ட வேண்டும். இரண்டு மூன்று பள்ளி மாறிப் படித்தவர் ஒவ்வொரு பள்ளிக்கும் போய் வாங்க வேண்டியிருக்கும், மே மாதம் போனால் அங்கே கையெழுத்துப் போட ஆள் இருக்காது.