எந்த ஆற்றுத் தங்கம்?

எங்கள் கொங்குப் பக்கம் கல்யாணப் பேச்சு தொடங்கினாலே "எத்தனை பவுன் போடறீங்க" என்பது வந்துவிடும். அப்புறம் கோயமுத்தூர் பெரிய கடை வீதிக்குப் போய் சேதாரம் எவ்வளவு, செய்கூலி எவ்வளவு, ஹால்மார்க் இருக்கிறதா, அந்த ஆறெழுத்துக் குறியீடு இருக்கிறதா என்று துருவித் துருவிக் கேட்போம். அந்த முத்திரை தங்கத்தின் சுத்தத்தைத்தான் சொல்லும். எந்த ஆற்றை நாசம் செய்து வந்த தங்கம் என்று சொல்லாது, நாமும் கேட்பதில்லை. எனக்கு இது ரொம்ப நாளாக உறுத்துகிறது.

இந்தியா பயன்படுத்தும் தங்கத்தில் பெரும்பகுதி வெளிநாட்டுச் சரக்கு. பெரு, கானா போன்ற நாடுகளிலிருந்து சுத்திகரிக்காத கட்டியாகவும் வருகிறது. பெருவில் மாத்ரே தே தியோஸ் என்று அமேசான் காட்டுப் பகுதி ஒன்று இருக்கிறது. அங்கே மரங்களை வெட்டிச் சாய்த்து, ஆற்றுப்படுகையை மோட்டார் வைத்து உறிஞ்சி, வண்டலை அலசி, அதில் பாதரசத்தை ஊற்றிப் பிசைகிறார்கள். மண்ணை விட்டுவிட்டுத் தங்கத் துகளை மட்டும் பாதரசம் பிடித்துக்கொள்ளும். அந்த உருண்டையைத் துணியில் பிழிந்து நெருப்பில் காட்டினால் பாதரசம் ஆவியாகிப் போய்விடும், தங்கம் மிஞ்சும். போய்விடும் என்றால் எங்கே? சுடுகிறவரின் நுரையீரலுக்கு, பக்கத்து மரத்தின் இலைகளுக்கு, மழையோடு மண்ணுக்கும் தண்ணீருக்கும். சேற்றிலுள்ள பாக்டீரியா அதை மெத்தில் பாதரசமாக மாற்ற, சின்ன மீனைப் பெரிய மீன் தின்னத் தின்ன விஷம் ஏறிக்கொண்டே போகிறது. கடைசியில் அந்த மீனைச் சாப்பிடுவது குந்துமணித் தங்கம்கூட இல்லாத ஆற்றோரக் குடும்பங்கள். கர்ப்பிணி சாப்பிட்டால் வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சியே பாதிக்கப்படும். 2016-ல் பெரு அரசு அங்கே அவசரநிலை அறிவித்தது. பிரேசிலில் யானோமாமி பழங்குடிகளுக்கும் இதே கதிதான்.

மனிதர்களால் காற்றில் கலக்கும் பாதரசத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இப்படிப்பட்ட சிறு சுரங்கங்களிலிருந்து வருகிறது. 2013-ல் ஏற்கப்பட்ட மினமாட்டா உடன்படிக்கை என்ற பாதரசத்துக்கான உலக ஒப்பந்தம் இதைக் குறைக்கச் சொல்கிறதே தவிர அடியோடு தடை செய்யவில்லை.

அமேசான்தானே என்று விடவும் முடியாது. நம்ம நீலகிரியிலேயே கூடலூர் தாண்டி தேவாலா, பந்தலூர் பக்கம் 1880 வாக்கில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தங்கத்துக்காகப் படையெடுத்து நொடித்துப்போயின. அவர்கள் விட்டுப்போன சுரங்கங்களில் இன்னும் திருட்டுத்தனமாக இறங்குகிறார்கள், உயிர் போனவர்களும் உண்டு, அங்கேயும் பாதரசம்தான். அந்த மலைத் தண்ணீர் புன்னம்புழா வழியாகக் கேரளத்துச் சாலியாற்றுக்குப் போகிறது.

தோண்டுகிறவர்களைத் திட்ட எனக்கு மனமில்லை. பாதரசம் மலிவு, தனியாளாகச் செய்யலாம், அன்றைக்கே காசு. ஆனால் வேறு வழி இருக்கிறது. பிலிப்பைன்சின் பெங்கெட் மலைகளில் வெங்காரம் போட்டு உருக்கித் தங்கம் எடுக்கிறார்கள், நம்ம பத்தர்கள் பட்டறையில் பற்றவைக்க வைத்திருக்கும் அதே வெங்காரம். முதலில் மண்ணை நன்றாக அலசித் துகளைச் செறிவாக்கினால்தான் இது எடுபடும், அதற்குப் பழக்கம் வேண்டும், சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். அந்தச் செலவைக் குழிக்குள் இறங்குகிறவர் தலையில் கட்டாமல், கட்டியை வாங்கி உருக்கி விற்கிறவர்களும், பவுன் கணக்கில் வாங்குகிற நாமும் ஏற்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.