அப்பாயியின் தகரப்பெட்டியிலிருந்து ஒரு காணொளி

பர்மாவின் யாங்கோனில் (பழைய ரங்கூன்) எங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டில், அப்பாயி பல ஆண்டுகளாகக் காத்துவரும் பிஸ்கட் தகரப்பெட்டி ஒன்று இருக்கிறது. அதில் 61 புகைப்படங்கள் இருந்தன. இந்த மழைக்காலத்தில் அப்பாயிக்கு 85 வயது நிறைவதையொட்டி, அந்தப் படங்களைக் கொண்டு ஒரு காணொளி செய்து, சென்னை வியாசர்பாடியில் இருக்கும் சின்னத் தாத்தா குடும்பத்தாரும் நாங்களும் ஒரே மாலையில் பார்ப்பது என்று முடிவு செய்தோம். 1964 மே மாதத்தில் பர்மியப் பணமான கியாட்டில் ஐம்பது, நூறு நோட்டுகள் செல்லாதவை என்று அறிவிக்கப்பட்ட பிறகு சின்னத் தாத்தா கப்பலேறினார்; எங்கள் தாத்தா இங்கேயே தங்கிவிட்டார். நகைகளைக்கூடத் துறைமுகத்தில் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியிருந்த அந்த நாட்களில், புகைப்படங்களை யாரும் பறிக்கவில்லை. அதனால்தான் ஒரே குடும்பத்தின் படங்கள் கடலின் இரு கரைகளிலும் பாதிப் பாதியாக இருக்கின்றன.

இணையத்தில் இயங்கும் காணொளிக் கருவி ஒன்றில் எல்லாப் படங்களையும் ஏற்றி, 'தானாகத் தொகு' என்ற பொத்தானை அழுத்தியதுதான் என் முதல் முயற்சி. இரண்டு நிமிடத்தில் இசையோடு ஒரு காணொளி வந்துவிட்டது. ஆனால் 61 படங்களில் 22 மட்டுமே அதில் இருந்தன. அவையும் பெரும்பாலும் 1990-க்குப் பிறகு எடுக்கப்பட்ட வண்ணப்படங்கள். தெளிவும் வெளிச்சமும் முகங்கள் எவ்வளவு துலக்கமாகத் தெரிகின்றன என்பதுமே இத்தகைய தானியங்கித் தேர்வுக்கு அளவுகோல்களாக இருக்கின்றன. சின்னத் தாத்தா கப்பலேறிய நாளில் எடுத்த படம் கலங்கலானது. யாரோ கை நடுங்க எடுத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அதைவிட மதிப்புள்ள படம் கிடையாது, அதைத்தான் கருவி முதலில் தள்ளிவிட்டிருந்தது.

அதைவிட என்னை வருத்தியது படங்களை வெட்டிய விதம். காணொளியின் சட்டம் 1920-க்கு 1080 புள்ளி (பிக்சல்) என்னும் அகலவாட்டம். பழைய படங்களோ சதுரமாகவோ நெட்டையாகவோ இருப்பவை. சட்டத்தை நிரப்புவதற்காகக் கருவி மேலும் கீழும் வெட்டிவிடுகிறது. தமிழர்கள் 1871-இல் கட்டிய காளி கோயிலின் முன்னால் எடுத்த குழுப்படம் ஒன்றில் பெரியவர்கள் நின்றுகொண்டும் பெண்கள் நாற்காலிகளிலும் இருக்க, பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். வெட்டியதில் அந்தத் தரை வரிசை முழுவதும் போயிற்று. பாவாடையை இழுத்துவிட்டுக்கொண்டு அங்கே அமர்ந்திருக்கும் ஏழு வயதுச் சிறுமிதான் அப்பாயி! ஆகவே 'நிரப்பு' என்பதை மாற்றி 'பொருத்து' என்று வைத்து, இருபுறமும் கறுப்பாகவே விட்டுவிட்டேன். பலர் படத்தையே மங்கலாக்கிப் பின்னணியில் பரப்புகிறார்கள். அது கண்ணை முகங்களிலிருந்து இழுத்துக்கொண்டு போவதாக எனக்குத் தோன்றுகிறது.

பிறகு நேரம். கருவியில் உள்ள ஆயத்த வார்ப்புகள் (டெம்ப்ளேட்) ஒவ்வொரு படத்துக்கும் சுமார் மூன்று விநாடி ஒதுக்குகின்றன. பதினாறு பேர் நிற்கும் படத்தில் மூன்று விநாடிக்குள் யாரைத் தேடுவது? அந்தப் படத்துக்குப் பதினான்கு விநாடி கொடுத்து, இடப்பக்க முகத்திலிருந்து வலப்பக்கம் வரை மெல்ல நகரும்படி செய்தேன். ஆவணப்பட இயக்குநர் கென் பர்ன்ஸின் பெயரால் வழங்கும் இந்த உத்தியைப் பெரும்பாலான கருவிகள் தருகின்றன. எல்லாப் படங்களுக்கும் அதைப் போட்டால் தலை சுற்றும். நான் நான்கு படங்களுக்கு மட்டுமே பயன்படுத்தினேன்.

நேரத்தை உண்மையில் முடிவு செய்தது அப்பாயியின் குரல்தான். திரைப்பாடலைச் சேர்த்தால் யூடியூபில் உரிமைச் சிக்கல் வரும் என்பது ஒருபுறமிருக்க, அப்பாயி பேசக் கேட்பதைவிட வேறு இசை எதற்கு என்றும் நினைத்தேன். மின்சாரம் இல்லாத வேளைகளில் தெருவெங்கும் ஜெனரேட்டர் சத்தம். எனவே விடியற்காலையில், ஒவ்வொரு படமாக அவர் கையில் கொடுத்து, கைப்பேசியில் பதிவு செய்தேன். அந்த ஒலிப்பதிவை முதலில் கருவியின் காலக்கோட்டில் (டைம்லைன்) வைத்து, அவர் எந்தப் படத்தைப் பற்றி எவ்வளவு பேசுகிறாரோ அவ்வளவு நேரம் அந்தப் படம் நிற்கும்படி அடுக்கினேன். காணொளி செய்ய நினைப்பவர்களிடம் நான் வற்புறுத்திச் சொல்லக்கூடியது இந்த ஒன்றைத்தான்: குரலை முதலில் பதிவு செய்யுங்கள், படங்களை எப்போது வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்ளலாம்.

சென்னையிலிருந்து படங்கள் வாட்ஸப்பில் சுருங்கி வந்தன. 'ஆவணம்' என்ற வழியில் அனுப்பச் சொன்ன பிறகே முழு அளவில் கிடைத்தன. ஆல்பத்தின் பசைத்தாளில் ஒட்டிப்போனவற்றைப் பிய்க்காமல், சன்னலோரத்தில், பிளாஷ் இல்லாமல் அப்படியே படமெடுத்தோம். நாலுக்கு ஆறு அங்குலப் படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி அடர்த்தியில் ஸ்கேன் செய்தாலே 1200-க்கு 1800 புள்ளிகள் கிடைக்கும். இந்த வேலைக்கு அது போதும்.

தமிழ் எழுத்துகள்தாம் மிகவும் சோதித்தன. அழகான எழுத்துருக்கள் பலவற்றில் தமிழே இல்லாததால் கட்டங்கள் தோன்றின. சில இடங்களில் 'கொ' என்ற எழுத்து மூன்று துண்டாகப் பிரிந்து நின்றது. நோட்டோ சான்ஸ் தமிழ், கேட்டமரான், முக்தா மலர் ஆகியவை ஒழுங்காக வந்தன. இருந்தும் படங்களில் உள்ளவர்களின் பெயர்களை அப்பாயியையே வெள்ளைத்தாளில் எழுதச் சொல்லி, அதைப் படமெடுத்துச் சேர்த்தேன்.

தாத்தாவின் படம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதுவும் வெளிநாட்டவர் பதிவு அட்டையில் ஒட்டியது. அட்டை எண் எந்த நிறுவனத்தின் கணினிக்கும் போகக் கூடாது என்பதால், முகத்தை மட்டும் வெட்டியெடுத்த பிறகே ஏற்றினேன். நிழற்படத்தைச் சிரிக்கவும் கண் சிமிட்டவும் வைக்கும் வசதி 2021 முதல் பரவியிருக்கிறது. அதைப் போட்டுப் பார்க்கலாம் என்று சென்னைத் தங்கை கேட்டாள். நான் இசையவில்லை. தாத்தா எப்படிச் சிரிப்பார் என்று அறிந்தவர் அப்பாயி. வேறொரு சிரிப்பை அவர் கணவர் முகத்தில் வரைந்து அவரிடமே காட்ட எனக்கு மனம் வரவில்லை. அந்தப் படம் பத்து விநாடி அசையாமல் நின்றது, குரலும் இல்லாமல்.

பார்த்த மாலையில், கப்பல்துறைப் படம் வந்தபோது அப்பாயி நிறுத்தச் சொன்னார். கூட்டத்தின் ஓரத்தில், முகம் பாதி தெரியும் ஒரு பெண்ணைக் காட்டி, "இது என் சிநேகிதி, இவளை விட்டுட்டோமே" என்றார். மறுநாள் காலை அந்தப் பெயரையும் தாளில் எழுதிக் கொடுத்தார். அதைச் சேர்த்து இரண்டாம் முறை தரவிறக்கியதுதான் இப்போது இரு வீட்டாரிடமும் இருப்பது.