மத்தியான மண்

கோயம்புத்தூரில் பம்ப் கேசிங் வார்க்கிற ஒரு சின்ன ஃபவுண்டரியில் சில வருஷம் குவாலிட்டி பார்த்தேன். எங்கள் வார்ப்பு வெளியே பார்க்கச் சுத்தமாக இருக்கும். கஸ்டமர் லேத்தில் ஏற்றி இரண்டு மில்லிமீட்டர் சீவியதும் உள்ளேயிருந்து ப்ளோ ஹோல் எட்டிப் பார்க்கும். சுண்டுவிரல் நகம் அளவு குழி, உள்சுவர் வழவழவென்று. லோடு அப்படியே திரும்பி வரும். முதலாளி மோல்டர்களைக் கூப்பிட்டுத் திட்டுவார். இரண்டு நாள் எல்லோரும் பயந்து பயந்து வேலை செய்வார்கள். மூன்றாம் நாள் மறுபடி அதே ஓட்டை.

நான் முதலில் செய்தது கன்ட்ரோல் சார்ட், அதாவது ஓர் அளவு நேரத்துக்கு நேரம் எப்படி மாறுகிறது, எல்லை தாண்டுகிறதா என்று காட்டும் வரைபடம். 1924இல் அமெரிக்கப் புள்ளியியலாளர் ஷூவார்ட் போட்டுக் கொடுத்த அதே வரைபடம்தான். மோல்டு, அதாவது இரும்பை ஊற்றுகிற அச்சு, செய்கிற மண்ணின் ஈரத்தை மணிக்கு ஒரு தரம் அளந்து புள்ளி வைத்தேன். காலைப் புள்ளிகள் ஒழுங்காக வரும், சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு தாறுமாறாகப் போகும். இதை மூத்த மோல்டர் அண்ணாவிடம் காட்டினேன். அவர் தாளைப் பார்க்கவே இல்லை.

“அம்மிணி, காலையில மண்ணு வேறைங்க, மத்தியானத்து மண்ணு வேறைங்க. கையில புடிச்சுப் பாருங்க.”

பிடித்துப் பார்த்தேன். சுட்டது.

நாங்கள் புது மண்ணில் வார்ப்பதில்லை. உடைத்த மோல்டின் மண்ணே மிக்ஸருக்குப் போய், மண்ணை ஒட்டவைக்கிற பென்டோனைட் களிமண் கொஞ்சமும் தண்ணீரும் சேர்ந்து திரும்பி வரும். மத்தியானத்துக்குள் அது பல சுற்று சுற்றிவிடும், ஆற நேரம் கிடையாது. கேசிங்கின் உள்ளே வெற்றிடம் வருவதற்கு மோல்டுக்குள் வைக்கிற மண் உருவத்துக்கு ‘கோர்’ என்று பெயர். அந்தச் சூட்டு மண்ணுக்குள் குளிர்ந்த கோர் ஒன்றை வைத்து மூடுகிறோம். சூடான சாதத்தின் மேல் தட்டு போட்டு மூடினால் அடியில் தண்ணீர் முத்து முத்தாகக் கோர்க்குமே, அதுதான் கோர் மேலும் நடக்கிறது. உருகிய இரும்பு அதைத் தொட்டதும் ஆவி. அந்த ஆவிக்குப் போக வழியில்லாவிட்டால் இரும்புக்குள்ளேயே குமிழாக நின்றுவிடும்.

மண்ணை ஆற்ற சாண்ட் கூலர் என்று ஒரு மெஷின் இருக்கிறது. எங்கள் முதலாளியால் அப்போது வாங்க முடியாத விலை.

அந்த நேரத்தில்தான் ஜப்பானின் இனா ஓடு கம்பெனி கதை எனக்குக் கை கொடுத்தது. 1953. அங்கே சூளைக்குள் வெப்பம் ஒரே சீராக இல்லை. அடுக்கின் வெளிப்பக்கம் இருந்த ஓடுகள் ஓர் அளவிலும் உள்ளே இருந்தவை வேறு அளவிலும் வெந்து வந்தன. சூளையை மாற்றுவதென்றால் பெரிய செலவு. சூளையைத் தொடாமல் களிமண் கலவையை மாற்றி மாற்றிச் சோதித்தார்கள். சுண்ணாம்புக்கல்லை 1 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக்கியதும் அளவு வித்தியாசம் வெகுவாகக் குறைந்தது. வெப்பம் முன்போலவே ஏறி இறங்கியது, ஓடுதான் அதைக் கண்டுகொள்ளவில்லை. இந்த முறையை வளர்த்த கெனிச்சி டகுச்சி 1954-55இல் கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் இருந்தவர் என்று படித்தபோது, நம் வீட்டுக்கு வந்துபோன ஆள் மாதிரி ஒரு நெருக்கம் வந்துவிட்டது.

சரி, மண் சுடட்டும். சுட்டாலும் ஓட்டை விழாத மோல்டு வேண்டும். மூன்று விஷயம் எடுத்தோம்: இரும்பை ஊற்றுகிற வெப்பம் 1360 டிகிரியா 1400ஆ, கோருக்கு நடுவே காற்று போக வழி உண்டா இல்லையா, மோல்டை மூடிய இருபது நிமிடத்துக்குள் ஊற்றுவதா ஒரு மணி நேரம் கழித்தா. சேர்த்துப் பார்த்தால் எட்டு வகை. ஒவ்வொன்றையும் காலை மண்ணில் ஒரு தரம், மத்தியான மண்ணில் ஒரு தரம், தரத்துக்குப் பத்து கேசிங். நூற்றறுபது வார்ப்பு. எல்லாவற்றையும் சீவித்தான் பார்க்க வேண்டும் என்றதும் முதலாளி முகம் மாறியது. ஆனாலும் ஒத்துக்கொண்டார், அதற்கு இன்றைக்கும் நன்றியோடு இருக்கிறேன்.

ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்திருந்தால் எனக்கு ஒன்றும் பிடிபட்டிருக்காது. காற்றுவழி மட்டும் வைத்தால் கொஞ்சம் பலன். சீக்கிரம் ஊற்றினால் மட்டும் கொஞ்சம் பலன். இரண்டும் சேர்ந்தபோதுதான் காலைக்கும் மத்தியானத்துக்கும் இருந்த வித்தியாசம் மறைந்தது. ‘இன்னும் சூடாக ஊற்று’ என்று வருஷக்கணக்காக ஃபர்னஸில் கரண்டைக் கொட்டினோமே, அந்த நாற்பது டிகிரியால் சொல்லிக்கொள்கிற மாதிரி எதுவும் மாறவில்லை. அந்தத் தாளை முதலாளி இரண்டு தரம் வாங்கிப் பார்த்தார்.

மோல்டர் அண்ணா பழைய சைக்கிள் ஸ்போக்கைத் தீட்டி, கோருக்குக் காற்றுவழி குத்துகிற கம்பி செய்தார். மூடிய நேரத்தை ஒவ்வொரு பெட்டியின் பக்கத்திலும் சாக்பீஸால் எழுதவும் ஆரம்பித்தார். யாரும் சொல்லவில்லை, அவரே செய்தது. ஊற்ற வருகிறவர்கள் முதலில் அந்த நேரத்தைப் பார்ப்பார்கள், அப்புறம்தான் லேடிலைச் சாய்ப்பார்கள்.