அமீரகம் திரும்புகிறவர்களுக்கு: லேப் ரிப்போர்ட்டின் க்யூஆர் கோடை அங்கேயே ஸ்கேன் செய்து பாருங்கள்

இது 2021-ல், கொரோனாவால் அமீரகப் பயணத்துக்குக் கட்டுப்பாடுகள் இருந்தபோது எழுதியது; இதிலுள்ள பயண விதிகளெல்லாம் அன்றைக்கு இருந்தவை, இப்போது கிடையாது.

ஒருவழியாகச் சார்ஜா வந்து சேர்ந்துவிட்டேன். ஊரில் இன்னும் காத்திருக்கிற நம் ஆட்களுக்காக, சூடு ஆறுவதற்குள் இதை எழுதிவிடுகிறேன். முழுவதும் படிக்க நேரமில்லாதவர்கள் ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். ஆர்டி-பிசிஆர் என்கிற கொரோனா பரிசோதனை ரிப்போர்ட் கைக்கு வந்ததும் லேபை விட்டு நகராமல், அதிலுள்ள க்யூஆர் கோடை உங்கள் போனில் ஸ்கேன் செய்யுங்கள். உங்கள் பெயரோடு அதே ரிப்போர்ட் திரையில் திறக்க வேண்டும். திறக்கவில்லை என்றால் அந்தக் காகிதத்தை நம்பி விமான நிலையத்துக்குக் கிளம்பாதீர்கள்.

நான் மார்ச் மாதம் அம்மாவின் கண் ஆபரேஷனுக்காக ஊருக்கு வந்தவன். ஏப்ரல் 24 இரவோடு இந்தியாவிலிருந்து வருகிறவர்களை அமீரகம் நிறுத்திவிட்டது. ஆகஸ்ட் 5-ல் திறந்தபோதும், அமீரகத்திலேயே இரண்டு கொரோனா தடுப்பூசி போட்டவர்களுக்குத்தான் வழி கிடைத்தது. எனக்கு இரண்டும் இங்கே போட்டது. ஆறு மாதம் வெளியே இருந்தால் விசா போய்விடும் என்ற பயத்தில் ஒவ்வொரு நாளையும் எண்ணிக்கொண்டிருந்தேன். கம்பெனியில் பாதிச் சம்பளம்கூடக் கிடையாது. செப்டம்பர் 12 முதல், உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட ஊசியை எங்கே போட்டிருந்தாலும் வரலாம், ஆறு மாதம் தாண்டியவர்களும் வரலாம் என்று அறிவித்த பிறகுதான் வீட்டில் எல்லோருக்கும் மூச்சு வந்தது. கோவிஷீல்டு அந்தப் பட்டியலில் இருந்தது. கோவாக்சின் அப்போது இல்லை. கோவாக்சின் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் என் சித்தப்பா மகனிடம் என்ன சொல்வது என்றே அப்போது எனக்குத் தெரியவில்லை.

திரும்ப உள்ளே வர அனுமதி கேட்கும் விண்ணப்பம் பற்றிச் சுருக்கமாக. துபாயில் விசா அடித்தவர்களுக்கு ஜிடிஆர்எஃப்ஏ (துபாயின் குடிவரவுத் துறை), சார்ஜா, அஜ்மான், அபுதாபி என மற்ற எமிரேட்காரர்களுக்கு ஐசிஏ (அமீரகத்தின் மத்திய அடையாள, குடியுரிமை ஆணையம்) என்று இருந்தது. நீங்கள் எந்த விமான நிலையத்தில் இறங்கினாலும், விசா எங்கே அடித்தது என்பதுதான் அப்போது கணக்கு. நான் துபாய் விமானத்தில்தான் வந்தேன், ஆனாலும் கையில் இருந்தது ஐசிஏ அனுமதி.

இதில் நம் ஊர்க்காரர்களைப் படுத்துவது பெயர். ஆதாரில் முன்னால் ஒற்றை இன்ஷியல் இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கும். ஊசி முகாமில் ஆதாரை வாங்கித்தான் பதிவு செய்தார்கள், அதனால் இந்திய அரசின் தடுப்பூசிப் பதிவுத் தளமான கோவின் தரும் சான்றிதழிலும் இன்ஷியல்தான் வந்தது. கோவின் தளத்திலேயே திருத்த முடிந்தது, பாஸ்போர்ட் எண்ணையும் சேர்க்க முடிந்தது. ஆனால் பெயர்த் திருத்தத்துக்கு ஒரே ஒரு வாய்ப்புதான் தந்தார்கள். பாஸ்போர்ட்டைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகப் பார்த்து அடியுங்கள். ஏஜென்ட் கடைப் பையனிடம் சொல்லி அடிக்கச் சொல்லாதீர்கள். வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு 28 நாளில் இரண்டாவது ஊசி என்ற சலுகை ஆகஸ்ட் 31 வரை இருந்ததே, அதில் போட்டவர்களும் சான்றிதழில் பாஸ்போர்ட் எண் ஏறியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இனி என்னைத் திருப்பி அனுப்பிய விஷயம்.

விமானம் கிளம்பும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரத்துக்குள் பரிசோதனைக்கு மாதிரி எடுத்திருக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. நான் எங்கள் மாவட்டத் தலைநகரில் இருக்கும் ஒரு லேபில் கொடுத்தேன். வெளிநாட்டுக்குப் போகிறேன், க்யூஆர் கோடு கட்டாயம் வேண்டும் என்று சொல்லித்தான் கொடுத்தேன். அதற்கென்று தனிக் கட்டணமும் வாங்கினார்கள். ரிப்போர்ட்டில் நெகட்டிவ் என்று இருந்தது, பாஸ்போர்ட் எண் இருந்தது, மூலையில் கட்டம் கட்டமாகக் கோடும் இருந்தது. இரவு பஸ் பிடித்துச் சென்னை வந்தேன்.

விமான நிலையத்தில் முதலில் ரேபிட் பிசிஆர் (அங்கேயே எடுத்துச் சீக்கிரம் முடிவு தரும் கொரோனா பரிசோதனை), அதற்குப் பிறகுதான் செக்-இன். மூவாயிரம் ரூபாய்க்கு மேல் கட்டி, மூக்கில் குச்சி விட்டு, அரை மணிக்கு மேல் காத்திருந்து நெகட்டிவ் வாங்கிக்கொண்டு கவுன்ட்டருக்குப் போனேன். அந்தப் பெண் கோடை ஸ்கேன் செய்து பார்த்துவிட்டு, திரையை என் பக்கம் திருப்பினார்.

“சார், இதுல லேபோட வெப்சைட்தான் வருது. உங்க ரிப்போர்ட் வரலை.”

“மேடம், பேப்பர்ல எல்லாமே இருக்கே. பேரு, பாஸ்போர்ட் நம்பர், சீல் எல்லாம் பாருங்க. லேபுக்குப் போன் போட்டுத் தரேன், நீங்களே கேளுங்க.”

“கோடு ஸ்கேன் பண்ணா ரிப்போர்ட் திறக்கணும் சார். இல்லாம அனுப்பினா துபாய்ல இருந்து திருப்பி அனுப்பிடுவாங்க.”

மேலதிகாரி ஒருவர் வந்தார். காகிதத்தை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. “இது செல்லாது, அடுத்தவங்களுக்கு வழி விடுங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்தப் பெண்ணின் மேல் எனக்குக் கோபமில்லை, விதியைத்தான் சொன்னார். ஆறு மாதமாக வேலையில்லாமல் இருந்துவிட்டு வந்து நிற்கிறவனை நிமிர்ந்து பார்த்துப் பேச அந்த அதிகாரிக்கு ஒரு நிமிடம் இல்லாமல் போனதுதான் இன்னும் உறுத்துகிறது.

லேபுக்குப் போன் செய்தேன். நல்லவேளை, எடுத்தார்கள். “எல்லாருக்கும் இதேதான் சார் குடுக்கறோம், யாரும் ஒண்ணும் சொல்லலையே” என்றார் பேசியவர். ரிப்போர்ட்டைத் தளத்தில் ஏற்றி, கோடை மாற்றி வாட்ஸப்பில் அனுப்ப முடியுமா என்று கெஞ்சினேன். அதைச் செய்கிறவர் காலையில்தான் வருவாராம். அதற்குள் கவுன்ட்டரை மூடிவிட்டார்கள். ரேபிட் பரிசோதனைக்குக் கட்டிய பணம் திரும்பாது. டிக்கெட் தேதி மாற்றத்துக்குத் தனியாகப் பணம். துபாயில் எக்ஸ்போ உலகக் கண்காட்சி தொடங்கிய நேரம் வேறு, அடுத்தடுத்த விமானங்களில் இடம் கிடைப்பதே பாடாக இருந்தது.

காகிதங்களைப் பார்த்துவிட்டு ரேபிட் பரிசோதனைக்கு அனுப்பினால் எத்தனை பேருடைய பணம் மிஞ்சும்! அன்று என்னைப் போலவே வேறு சிலரும் இதே காரணத்துக்காகத் திரும்பினார்கள். அதில் ஒருவர் கடன் வாங்கி டிக்கெட் போட்டவர். இந்த வரிசைமுறையை மாற்ற யாராவது முன்வர வேண்டும்.

அதுவரைக்கும் நாம்தான் பார்த்து நடக்க வேண்டும். அடுத்த தடவை நான் செய்தது இது. சென்னையிலேயே, இந்தத் தடத்தில் போய்வந்த ஒருவர் சொன்ன லேபில் கொடுத்தேன். பெயர், பாஸ்போர்ட் எண், மாதிரி எடுத்த தேதி நேரம், முடிவு வந்த தேதி நேரம் எல்லாம் தெளிவாக இருக்கிறதா, கோடு திறக்கிறதா என்று அங்கேயே பார்த்தேன். பிறகு விமான நிலையத்தில் பரிசோதனைக்குப் பணம் கட்டுமுன், வரிசை அருகே நின்ற விமான நிறுவன ஊழியரிடம் ரிப்போர்ட்டை நீட்டி, “ஸ்கேன் பண்ணி ஓகேன்னு சொல்லுங்க, அப்புறம்தான் காசு கட்டுவேன்” என்றேன். “உள்ளே பார்ப்பாங்க” என்று தட்டிக்கழித்தார். நான் நகரவில்லை. கடைசியில் ஸ்கேன் செய்து, சரி என்றார். பின்னால் நின்ற ஏழெட்டுப் பேரும் அதே மாதிரி கேட்டுப் பார்த்துக்கொண்டார்கள். அன்றைக்கு எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் அது.

48 மணி நேரக் கணக்கையும் இழுத்துப் பிடிக்காதீர்கள். வியாழன் அதிகாலை 4 மணி விமானம் என்றால் செவ்வாய் அதிகாலை 4 மணிக்குப் பிறகு எடுத்தது செல்லும். ஆனால் செவ்வாய் காலையிலேயே கொடுத்துவிட்டு, விமானம் ஐந்தாறு மணி நேரம் தாமதமானால் கதை முடிந்தது. செவ்வாய் மாலையோ புதன் காலையோ கொடுங்கள். முடிவு எத்தனை மணிக்குள் வரும் என்று லேபில் உறுதியாகக் கேட்டுக்கொண்டு கொடுங்கள். ஞாயிறு, பண்டிகை நாள் ஒட்டி வந்தால் இன்னும் கவனம்.

ரேபிட் பரிசோதனை துபாய் விமானத்துக்கு, கிளம்புவதற்கு முன் ஆறு மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும் என்றிருந்தது. வரிசை நீளம். ஆறு மணி நேரம் இருக்கும்போதே போய் நின்றுவிடுங்கள். கார்டு மெஷின் வேலை செய்யவில்லை என்று சிலரைப் பணமாகக் கேட்டார்கள், அதனால் கையில் ரொக்கம் இருக்கட்டும். எல்லாக் காகிதத்தையும் பிரின்ட் எடுத்து வைத்திருங்கள்.

எனக்கு முன்னால் நின்றவர் ராமநாதபுரம் பக்கத்து அண்ணன் ஒருவர். அஜ்மானில் டிரைவர். முதல் நாள் லேபில் எடுத்தது நெகட்டிவ். இங்கே பாசிட்டிவ் என்று வந்துவிட்டது. “தம்பி, எனக்கு ஒரு தும்மல்கூட இல்லையே, நேத்து எடுத்தது இதோ இருக்கே” என்று அந்தக் காகிதத்தை எல்லோரிடமும் காட்டினார். இன்னொரு தடவை எடுங்கள், பணம் தருகிறேன் என்று கேட்டும் எடுக்கவில்லை. சுகாதாரத் துறை ஆட்கள் வந்து பெயர், முகவரி எழுதிக்கொண்டு தனியாக அழைத்துப் போனார்கள். கயிறு கட்டிய அட்டைப்பெட்டியை அவர் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனதைப் பார்க்க மனசு தாங்கவில்லை. ஜூலையில் காய்ச்சல் வந்து போனதாக வரிசையில் பேசிக்கொண்டிருந்தபோது சொல்லியிருந்தார். கொரோனா வந்து குணமானவர்களுக்குச் சில வாரங்கள், சிலருக்கு அதற்கு மேலும், கிருமியின் மிச்சம் பிசிஆரில் தெரியலாம், அப்போது மற்றவர்களுக்குத் தொற்றாது என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். அவருக்கு அதுதானா என்று எனக்குச் சொல்லத் தெரியாது, கவுன்ட்டரிலும் அதையெல்லாம் கேட்க மாட்டார்கள். அண்மையில் கொரோனா வந்து போனவர்கள், பாசிட்டிவ் வந்தால் தேதியை எப்படி மாற்றித் தருவார்கள் என்பதை டிக்கெட் வாங்கும்போதே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து வந்த கார்க்காரரை, விமானம் கிளம்பும் வரை சென்னையிலேயே இருக்கச் சொல்லுங்கள். அந்த அண்ணனின் கார் அதற்குள் விழுப்புரம் தாண்டிவிட்டது.

அப்புறம் இமிக்ரேஷன், பாதுகாப்புச் சோதனை, விமானம் எல்லாம் சிக்கலில்லாமல் போயிற்று. மாஸ்க் மட்டும் வழி முழுக்கக் கழற்ற விடவில்லை.

துபாயில் இறங்கியதும் மறுபடியும் ஒரு பிசிஆர். அங்கே நீண்ட நேரம் நிற்க வைக்கவில்லை. முடிவு வரும் வரை அறையை விட்டு வெளியே போகக் கூடாது என்பது அப்போதைய விதி. எனக்கு மறுநாள் போனில் வந்தது. உங்கள் அமீரக நம்பர் ரீசார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்தால் அந்தச் செய்தி வராது, ஊரிலிருந்து கிளம்பும்போதே அதைச் சரிசெய்துவிடுங்கள். என்னோடு வந்த ஒரு பையன் வேறொருவர் நம்பரைக் கொடுத்துவிட்டு, முடிவைத் தேடி அலைந்தான்.

ஐசிஏ அனுமதியில் வந்தவர்கள் நான்காம் நாளும் எட்டாம் நாளும் திரும்பப் பரிசோதனை கொடுக்க வேண்டியிருந்தது. அரசாங்கக் காகித வேலைகளைப் பார்க்கும் கம்பெனி பிஆர்ஓவிடம் இப்போதே சொல்லி நேரம் வாங்கிவையுங்கள், இல்லாவிட்டால் டூட்டி நேரத்தில் அனுப்ப மாட்டார்கள். எமிரேட்ஸ் ஐடியைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். அமீரகத்தின் கொரோனா ஆப்பான அல் ஹொஸ்னை இறக்கிப் பதிவு செய்துவிடுங்கள், முடிவு அதிலும் ஏறும். எனக்கு நான்காம் நாள் முடிந்துவிட்டது, எட்டாம் நாள் வெள்ளிக்கிழமை வருகிறது. அன்றைக்கு எந்த மையம் திறந்திருக்கும் என்று சார்ஜாவில் இருக்கிற யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.