சார்லஸ் ஈதன் போர்ட்டர் வரைஞ்ச உடைஞ்ச தர்பூசணி

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துல ‘உடைஞ்ச தர்பூசணி’ன்னு ஒரு ஆயில் பெயிண்டிங் இருக்கு, 1890 வாக்குல வரைஞ்சது, வரைஞ்சவர் சார்லஸ் ஈதன் போர்ட்டர். அமெரிக்காவோட கனெக்டிகட் மாநிலத்து ஆளு. அமெரிக்க ஸ்டில் லைஃப், அதாவது பழம், பூ மாதிரி அசையாப் பொருளை வச்சு வரையுற ஓவியம் பத்தி பேச்சு வந்தா பீல் குடும்பம், ஹார்னெட்னு ரெண்டு மூணு ஓவியர் பேரைச் சொல்லிட்டு முடிச்சிடுவாங்க, போர்ட்டர் பேரு அதுல வர்றதே அபூர்வம். எனக்கு இந்த ஒரு படத்துக்காகவே அவரைப் பத்தி எழுதணும்னு இருந்துச்சு.

படத்துல பழம்தான் எல்லாமே. பின்னாடி இருட்டு. கத்தி வச்சு நேரா கீறுன துண்டு கிடையாது, பிளந்து உடைஞ்ச பழம், அதனால ஓரமெல்லாம் கரடுமுரடா மேடும் பள்ளமுமா இருக்கு, அந்த மேடு பள்ளத்துல வெளிச்சம் ஒவ்வொரு இடத்துல ஒவ்வொரு மாதிரி விழுது. சிவப்புன்னு நாம ஒரே வார்த்தைல சொல்லிடுறோம், ஆனா அவர் அதுக்குள்ள எத்தனை சிவப்பு வச்சிருக்காரு பாருங்க, நடு சதையில ஆழமா இருக்குற நிறம் தோல்கிட்ட வர வர ரோஸாகி வெளுத்துப் போகுது. விதைங்க கன்னங்கரேல்னு பளபளக்குது. அழகா அடுக்கி வச்ச பழக்கூடை ஓவியங்கள்ல கிடைக்காத ஒரு வேகம் இதுல இருக்கு.

இப்ப இதை வரைஞ்சவர் ஒரு கறுப்பினத்தவர்னு தெரிஞ்சுக்கிட்டு மறுபடி பாருங்க. அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிஞ்சு அடிமைத்தனத்துல இருந்து விடுதலையான மக்கள் தென் மாநிலங்கள்ல தர்பூசணி பயிர் பண்ணி தாங்களே வித்து சொந்தக் காசு பார்த்தாங்க. அது பொறுக்காத வெள்ளைக்காரங்க அதே பழத்தை வச்சே அவங்களைக் கேவலப்படுத்த ஆரம்பிச்சாங்க, தர்பூசணியை வாயில வச்சு பல்லை இளிக்கிற கறுப்பின மக்கள்னு கார்ட்டூன், விளம்பர அட்டைன்னு எங்க பார்த்தாலும் அதே படம். போர்ட்டர் இதை வரைஞ்சது அந்தக் காலத்துலதான். அவர் அந்தக் கேலியை எடுத்துக்கிட்டு வாதாடலை, மனுஷங்களையே வெளிய எடுத்துட்டு பழத்தை மட்டும் வச்சு அதுக்கு முழு மரியாதை குடுத்து வரைஞ்சிட்டாரு. 1813ல ராஃபெல் பீல் தர்பூசணி வரைஞ்சப்ப அது வெறும் பழம், போர்ட்டர் காலத்துல அப்படி இல்ல, அதைத் திரும்பப் பழமா ஆக்கிக் காட்டினதுதான் பெரிய விஷயம்னு நான் நினைக்கிறேன்.

ஆளு சாதாரணமா மேல வந்தவர் இல்ல. ஹார்ட்ஃபோர்டுல பிறந்து, கம்பளித் துணி மில்லுங்க நிறைஞ்ச ராக்வில் ஊர்ல வளர்ந்தவர், ஏழைக் குடும்பம். நியூயார்க் போய் நேஷனல் அகாடமி ஆஃப் டிசைன்ங்கிற ஓவியப் பள்ளியில படிச்சாரு, கறுப்பின மாணவர் அங்க சேர்றதே அரிது. அப்புறம் ஹார்ட்ஃபோர்டுல ஸ்டூடியோ போட்டு பழம், பூன்னு வரைய ஆரம்பிச்சாரு. அந்தக் காலத்துல பெரிய நிலக்காட்சி ஓவியரா இருந்த ஃபிரடெரிக் சர்ச்சே இவர் படத்துல வண்ணங்களைக் கையாள்ற விதத்தைப் பாராட்டியிருக்காரு. 1881ல கையில இருந்த படங்களை ஏலம் விட்டு அந்தப் பணத்துல பாரிஸ் கிளம்பினாரு, ஹார்ட்ஃபோர்டுலயே வீடு கட்டி இருந்த எழுத்தாளர் மார்க் ட்வைன் அறிமுகக் கடிதம் எழுதிக் குடுத்தாரு.

பாரிஸ்ல இருந்து போர்ட்டர் ட்வைனுக்கு எழுதின கடிதத்துல ஒரு விஷயம் சொல்றாரு, கறுப்பின ஓவியன் என்ன ஆகுறான்னு பார்க்க ஹார்ட்ஃபோர்டுல நிறைய பேர் காத்துட்டு இருக்காங்கன்னு எனக்குத் தெரியும், ஆனா எனக்கு அதை விட முக்கியம் என் ஜனங்கதான், என் வெற்றி அவங்களுக்கும் சேர வேண்டியதுங்கிற மாதிரி. இதைப் படிச்சப்புறம், அவர் பூவும் பழமும் வரைஞ்சாரே தவிர இனப் பிரச்சினையைத் தொடலைன்னு யாராவது சொன்னா என்னால ஏத்துக்க முடியல. ஒரு பழத்தை இவ்ளோ நல்லா வரையுறதே அவருக்கு அந்த வேலையாத்தான் இருந்திருக்கு.

1884ல திரும்பி வந்தப்புறம் பிரஷ் ஓட்டுற விதம் கொஞ்சம் தளர்வாச்சு, ஃபிரான்ஸ்ல பார்த்ததெல்லாம் கைல ஏறியிருந்துச்சு. ஆனா வியாபாரம் மட்டும் பழைய மாதிரி நடக்கல. கடைசி வருஷங்கள்ல ராக்வில்லயே இருந்தாரு, கறுப்பின ஓவியர் வாசல்ல வந்து நின்னா யாரும் வாங்க மாட்டாங்கன்னு குஸ்தாவ் ஹாஃப்மன்ங்கிற ஓவிய நண்பர் அவர் படங்களை வீடு வீடா எடுத்துட்டுப் போய் வித்துக் குடுத்திருக்காரு. சர்ச் பாராட்டின கை, பாரிஸ்ல படிச்ச கை, அதோட படத்தைக் கதவு தட்டி விக்க வேண்டியிருந்துச்சு, அதுவும் வேற ஒருத்தர் முகத்தைக் காட்டி. எனக்கு இதைப் படிக்கவே முடியல. 1923ல இறந்துட்டாரு.

அவர் வரைஞ்ச மவுண்டன் லாரல் பூ படங்களையும் தவற விடாதீங்க, கனெக்டிகட் மலைச்சரிவுகள்ல பூக்குற பூ அது, 1907ல அந்த மாநிலத்தோட பூவாவே அறிவிச்சாங்க. சொந்த மண்ணுல என்ன விளையுதோ என்ன பூக்குதோ அதைத்தான் அவர் திரும்பத் திரும்ப வரைஞ்சிருக்காரு.

2007ல கனெக்டிகட்ல இருக்குற நியூ பிரிட்டன் கலை மியூசியம் இவருக்குன்னு தனியா ஒரு கண்காட்சி வச்சாங்க, அது அப்புறம் நியூயார்க்ல இருக்குற ஹார்லெம் ஸ்டூடியோ மியூசியத்துக்கும் போச்சு. மெட்ரோபாலிட்டன் மியூசியம் இந்தத் தர்பூசணியை வாங்கினது 2015ல, அதாவது வரைஞ்சு கிட்டத்தட்ட 125 வருஷம் கழிச்சு. அந்த மியூசியத்தோட வெப்சைட்ல படம் இருக்கு, போய் ஜூம் பண்ணி அந்த உடைஞ்ச ஓரத்துல வெளிச்சம் விழுற இடத்தைப் பாருங்க, முக்கியமா சிவப்பு வெளுக்க ஆரம்பிக்கிற இடம்.