தலையசைப்பைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளும்போது

பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து வேலை செய்யும் அணியில் மொழிச் சிக்கல் எப்படியோ சமாளித்துப் போய்விடும். அரைகுறை ஆங்கிலத்திலேயே வேலை ஓடும். எனக்குக் கவலை தருவது கூட்டங்களில் நிலவும் மௌனம்தான். மேலாளர் சொன்னதை மறுக்கலாமா, மறுப்பதென்றால் எல்லோர் முன்னாலுமா, தனியாகவா என்பதெல்லாம் சின்ன வயதிலிருந்தே ஊறிய பழக்கம். எந்தப் பணி விதியிலும் அது எழுதியிருக்காது.

நான் இருந்த மென்பொருள் அணிகளில் ஜெர்மன் சகா ஒருவர், திட்டத்தில் ஓட்டை இருந்தால் நேரடியாகச் சொல்லிவிடுவார். வேலைக்குத் தரும் மரியாதை அது என்பது அவர் எண்ணம். ஜப்பானிய சகாக்கள் குறிப்பெடுத்தபடி தலையசைப்பார்கள். அவர்கள் நாட்டில் பல நிறுவனங்களில் ஒவ்வொருவரிடமும் முன்கூட்டியே தனித்தனியாகப் பேசிவிடுவார்கள். அப்படி எடுத்த முடிவை உறுதி செய்யத்தான் கூட்டம். அந்த முன்பேச்சு நடக்காதபோது, தலையசைப்புக்கு 'கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்பதற்கு மேல் பொருள் இல்லை. அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு தொடங்கிய வேலை பாதியில் நிற்கும். அப்புறம் பழி, வாய் திறக்காதவர்கள் மேல் விழும். இது அநியாயம்.

இதில் வேகமும் சேர்ந்துகொள்கிறது. பத்து மொழிகளின் உரையாடல்களை ஆராய்ந்து 2009-ல் வெளியான ஆய்வு ஒன்றில், கேள்வி முடிந்து பதில் தொடங்கச் சராசரியாக ஏறக்குறைய 200 மில்லி விநாடிதான் ஆகிறது என்று தெரிந்தது. இரண்டாம் மொழியில் வாக்கியத்தைக் கோத்துக்கொண்டிருப்பவருக்கு அது எங்கே போதும்? அதற்குள் சரளமாகப் பேசுபவர் அடுத்த விஷயத்துக்குத் தாவிவிடுவார்.

நெதர்லாந்து சமூக உளவியலாளர் ஹாஃப்ஸ்டெட் 1967 முதல் 1973 வரை பல நாடுகளில் இருந்த ஐபிஎம் கணினி நிறுவன ஊழியர்களிடம் எடுத்த கணக்கெடுப்பை வைத்து, அதிகாரத்துக்குப் பணிவது நாட்டுக்கு நாடு எப்படி மாறுகிறது என்று அளந்தார். பயிற்சி வகுப்புகளில் இன்றும் அதைக் காட்டுகிறார்கள். சரி, ஆனால் அவை நாடுகளின் சராசரி. எதிரில் உட்கார்ந்திருப்பவர் எப்படிப்பட்டவர் என்று அந்த எண் சொல்லாது. எங்கள் அணியில் மிகக் கறாராகப் பேசியவரே ஒரு ஜப்பானியப் பெண்மணி.

'தைரியமாகப் பேசுங்கள்' என்று இளையவர்களுக்கு அறிவுரை சொல்வதில் எனக்கு நம்பிக்கையில்லை. பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டியவர், அதிகாரம் கையில் உள்ளவர். 'புரிந்ததா?' என்று கேட்டால் எல்லா நாட்டுக்காரரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். 'இதில் எந்த இடத்தில் சிக்கல் வரும்?' என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கலாம். தன் கருத்தை மேலாளர் கடைசியில் சொல்லலாம். எங்கள் மேலாளர் ஒருவர் திட்டத்தை முதல் நாளே எழுத்தில் அனுப்பத் தொடங்கினார். கூட்டத்தில் வாயே திறக்காதவர்களிடமிருந்துதான் நீளமான மறுப்புகள் வந்தன, காரணத்தோடு.