டி.சி. கொடுக்காமல் முடித்த ஒரு விவகாரம்

வெடிகுண்டு மிரட்டல் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு எங்கள் பள்ளி அலுவலகத்தில் ஒரு கோப்பு இருக்கிறது. பிள்ளைகளை மைதானத்துக்கு அழைத்துப் போக வேண்டும், போலீசுக்குச் சொல்ல வேண்டும், எந்தப் பையையும் தொடக் கூடாது என்று வரிசையாக எழுதியிருக்கும். மிரட்டியவன் நம் பிளஸ் டூ மாணவன்தான் என்று தெரிந்த மறுநாள் என்ன செய்வது என்று மட்டும் அதில் ஒரு வரிகூடக் கிடையாது. நான் அவனுடைய வகுப்பாசிரியை. காலாண்டுத் தேர்வில் தொடங்கி அவன் பொதுத்தேர்வு எழுதி முடிக்கும்வரை இந்த விவகாரத்தோடு அலைந்தேன். இதே நிலைமையில் மாட்டிக்கொள்ளும் ஆசிரியர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். ஊரையும் பள்ளியையும் சொல்லப்போவதில்லை, சில அடையாளங்களை மாற்றியும் இருக்கிறேன். காரணம் பின்னால் வரும்.

தேர்வு நாளன்று காலை, பிரார்த்தனை முடிந்த கையோடு அலுவலக எழுத்தர் மின்னஞ்சலைத் திறந்தார். கட்டடத்தில் மூன்று இடங்களில் குண்டு வைத்திருப்பதாகவும் பதினொரு மணிக்கு வெடிக்கும் என்றும் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. எழுத்துப்பிழைகள் நிறைய. புரளி என்று பார்த்தவுடனே தோன்றியது. ஆனால் தோன்றுவதை நம்பி பிள்ளைகளை உள்ளே வைத்திருக்க எந்தத் தலைமையாசிரியருக்குத் துணிச்சல் வரும்? 2024 பிப்ரவரியில் சென்னையில் ஒரே நாளில் 13 தனியார் பள்ளிகளுக்கு இப்படி மின்னஞ்சல் வந்ததும், பெற்றோர் பதறியடித்து ஓடியதும் எல்லோருக்கும் நினைவிருந்தது. வெடிகுண்டு கண்டறியும் பிரிவு வந்தது, மோப்ப நாய் வந்தது, தீயணைப்பு வண்டி வந்தது. எல்.கே.ஜி. பிள்ளைகள் முதல் மாடியில் இருந்தார்கள் (அவர்கள் ஏன் முதல் மாடியில் இருந்தார்கள் என்பது தனி வழக்கு). ஆயாம்மா இரண்டு பிள்ளைகளை இரண்டு இடுப்பிலும் வைத்துக்கொண்டு இறங்கியபோது கடைசிப் படியில் கால் பிசகிவிட்டது. பிள்ளைகளைக் கீழே விடாமல் தானே விழுந்தார். பிற்பகலில் தேடுதல் முடிந்தது. எதுவும் இல்லை.

சைபர் கிரைம் போலீசாருக்கு அதிகம் வேலை வைக்கவில்லை. பையன் புதிதாக ஒரு மின்னஞ்சல் கணக்குத் தொடங்கி, வீட்டு இணைய இணைப்பிலிருந்தே அனுப்பியிருக்கிறான். இணைப்பு அவன் அப்பா பெயரில். ஒரு வாரத்துக்குள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். கேட்டவுடன் ஒப்புக்கொண்டான். தேர்வு தள்ளிப்போக வேண்டும், அவ்வளவுதான் அவன் நோக்கம். அதுவும் நான் நடத்தும் பாடத் தேர்வு! இது ஏதோ எங்கள் ஊர் விநோதம் என்று அப்போது நினைத்தார்கள். 2024 டிசம்பரில் தில்லியில் ரோகிணிப் பகுதிப் பள்ளிகளுக்கு வந்த சில மிரட்டல்களை அங்கே படித்த மாணவர்களே தேர்வுக்குப் பயந்து அனுப்பியதாகத் தில்லி போலீஸ் சொல்லியிருக்கிறது.

அவன் பிடிபட்ட அன்று இரவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இதை யாரும் சொல்லித் தருவதில்லை. ஊரே ஒரு பிள்ளையைக் காறித் துப்பும்போது, அந்தப் பிள்ளை தன்னைத் தானே என்ன செய்துகொள்ளும் என்பதுதான் அவசரக் கேள்வி. நான் அவன் அப்பாவைத் தொலைபேசியில் அழைத்து, இன்றிரவு திட்ட வேண்டாம், அடிக்க வேண்டாம், அவனைத் தனி அறையில் தூங்க விட வேண்டாம் என்று மூன்று விஷயம் சொன்னேன். 14416 என்ற மனநல உதவி எண்ணையும் கொடுத்தேன். "டீச்சர், அவனைக் கொன்றுபோட்டுவிடலாம் என்று இருக்கிறது, நீங்கள் தூக்கத்தைப் பற்றிப் பேசுகிறீர்களே" என்றார். ஆனாலும் மகன் பக்கத்தில்தான் பாய் விரித்தார்.

சட்டம் எப்படி நகரும் என்பதில் ஆசிரியர் அறையில் ஆளுக்கொரு கதை. ஜெயிலில் போடுவார்கள் என்றார் ஒருவர். பதினேழு வயது ஆகிவிட்டதே, பெரியவனாக விசாரிக்கலாமே என்றார் இன்னொருவர். இரண்டுமே இல்லை. இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம் 2015இன்படி, பதினாறு வயதைத் தாண்டிய சிறாரைப் பெரியவராக விசாரிப்பதா என்ற பேச்சே, குறைந்தபட்ச தண்டனை ஏழு ஆண்டாவது இருக்கும் கொடுங்குற்றங்களுக்குத்தான் எழும். மிரட்டலுக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 351ஆம் பிரிவு பொருந்தும். கொலை செய்வேன், கொளுத்துவேன் என்ற மிரட்டலுக்கே அதிகபட்சம் ஏழு ஆண்டு. அதனால் முதல் தகவல் அறிக்கை கிடையாது, லாக்கப் கிடையாது. குழந்தை நலக் காவல் அலுவலர் சீருடை இல்லாமல் வந்து, பொது நாட்குறிப்பில் பதிவு செய்து, குடும்பப் பின்னணியை விசாரித்து எழுதி, இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்பினார். என்றைக்கு அழைத்து வர வேண்டும் என்று பெற்றோருக்குத் தகவல் வந்தது.

இதற்குள் அவன் புகைப்படம் பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்ற ஆரம்பித்துவிட்டது. கோபத்தில் அனுப்புகிறார்கள், புரிகிறது. அறிவுரை சொன்னால் நிற்காது என்று தெரியும். இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவைத் தட்டச்சு செய்து குழுவில் போட்டேன்: சட்டத்துக்கு முரண்பட்ட சிறாரின் பெயரையோ படத்தையோ பள்ளியையோ அடையாளம் தெரியும்படி வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தேநீர் ஆறுவதற்குள் எல்லாப் படங்களும் அழிக்கப்பட்டிருந்தன. நானும் இங்கே விவரங்களை மாற்றி எழுதுவது அதற்காகத்தான்.

குழுமத்தை நீதிமன்றம் மாதிரி கற்பனை செய்துகொண்டு போனேன். உயர்ந்த மேடை இல்லை, சாட்சிக் கூண்டு இல்லை. இருக்கவும் கூடாதாம், விதியே அப்படி. ஒரு நீள மேசை, பின்னால் நடுவர், இரு பக்கமும் சமூகப் பணி உறுப்பினர்கள் இருவர், அவர்களில் ஒருவர் பெண். எனக்கு வெளி வராந்தாவில்தான் இடம். நன்னடத்தை அலுவலர் ஏற்கெனவே பள்ளிக்கு வந்து வருகைப் பதிவேடு, மதிப்பெண்கள், அவன் நண்பர்கள் எல்லாவற்றையும் துருவித் துருவிக் கேட்டுப் போயிருந்தார். சில வாய்தாக்களுக்குப் பிறகு கண்டித்து அறிவுரை கூறி, ஆலோசனைக்கும் சமூக சேவைக்கும் உத்தரவிட்டார்கள். சேவை எங்கே தெரியுமா? தீயணைப்பு நிலையத்தில். அவன் புரளியை நம்பி மணியடித்துக்கொண்டு ஓடி வந்தார்களே, அவர்களிடமே. வார இறுதிகளில் போய்க் குழாய்களைச் சுருட்டி, வண்டி துடைத்து, அழைப்புப் பதிவேட்டை நகலெடுத்தான். இதற்கு மேல் பொருத்தமான தண்டனையை நான் கண்டதில்லை.

சட்டம் இவ்வளவு நிதானமாக நடந்துகொண்டது. பள்ளிதான் குதித்தது.

தாளாளர், தலைமையாசிரியர், பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர், மூத்த ஆசிரியர்கள் இருவர், நான். கூட்டம் தொடங்கியதுமே டி.சி. என்றார் கழகத் தலைவர். தனித்தேர்வராக எழுதிக்கொள்ளட்டும் என்றார் இன்னொருவர். உடற்கல்வி ஆசிரியர் அழைக்கப்படாமலே வந்து, "என்னிடம் அரை மணி நேரம் விடுங்கள்" என்றார். பிரம்பு எடுத்தால் அடுத்த விசாரணை உங்கள் பெயரில் நடக்கும் என்று சொல்லி அவரை உட்கார வைத்தோம். டி.சி. விஷயம் அப்படி லேசாக அடங்கவில்லை. கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்பு முடியும்வரைதான் வெளியேற்றத்தைத் தடுக்கிறது. பிளஸ் டூ மாணவனுக்கு அந்தக் காப்பு இல்லை. ஆகவே சட்டப்படி முடியாது என்று என்னால் வாதாட முடியவில்லை.

நான் கேட்டது வேறு. இவனை அனுப்பினால் எங்கே போவான்? ஆண்டின் நடுவில் பிளஸ் டூவில் எந்தப் பள்ளி சேர்க்கும்? சேர்த்தால், நம்மிடம் இருந்த ஆபத்தை, அப்படி ஒன்று இருந்தால், முன்பின் தெரியாத இன்னொரு பள்ளிக்குத் தள்ளிவிடுகிறோம். சேர்க்காவிட்டால் அவன் வீட்டில் கைப்பேசியோடு உட்கார்ந்திருப்பான். இரண்டில் எது நம் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு? அமெரிக்கப் பள்ளிகள் இந்தப் பாதையில் வெகுதூரம் போய்விட்டன. சிறு பிழைக்கும் உடனடி நீக்கம் என்ற கொள்கையை ஆராய்ந்த அமெரிக்க உளவியல் சங்கத்தின் குழு, அதனால் பள்ளிகள் பாதுகாப்பாக மாறவில்லை என்று 2008இலேயே எழுதிவிட்டது. இதைச் சொன்னதும் கழகத் தலைவர், "அமெரிக்கா இருக்கட்டும் டீச்சர், இவனைச் சும்மா விட்டால் நாளைக்குப் பத்துப் பேர் அனுப்புவார்கள்" என்றார். நியாயமான பயம். சும்மா விடச் சொல்லி நானும் கேட்கவில்லை.

முதலில், அவன் நினைத்தது நடக்கவில்லை என்று எல்லோருக்கும் தெரிய வேண்டும். அந்தத் தேர்வைத் தலைமையாசிரியர் அடுத்த சனிக்கிழமையே வேறு வினாத்தாளோடு வைத்திருந்தார். விடுமுறை போன கடுப்பில் மாணவர்களே புலம்பினார்கள். ஒரு வாரத்தில் ஆள் அகப்பட்டதும் அவர்களுக்குத் தெரியும். பத்துப் பேரை நிறுத்த இந்த இரண்டும் போதும் என்பது என் எண்ணம்.

தலைமையாசிரியர் ஒரு நாள் அவகாசம் கேட்டார். அந்த இடைவெளியில் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநல ஆலோசகரை வரவழைத்தோம். அவர் பையனிடம் கேட்டவை எளிய கேள்விகள். யார் மேலாவது கோபமா? யாரையாவது குறிவைத்தாயா? எதைக்கொண்டு, எப்போது என்று யோசித்தாயா? யாரிடமாவது சொன்னாயா? எல்லாவற்றுக்கும் இல்லை. தேர்வு நின்றால் போதும் என்பதைத் தாண்டி அவன் மனம் ஓடவே இல்லை. சத்தம் பெரிது, ஆபத்து சிறிது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தக் காகிதம் கூட்டத்தின் போக்கையே மாற்றியது.

கடைசியில் முடிவானது இது: இரண்டு வாரம் வகுப்பறைக்கு வெளியே, தலைமையாசிரியர் அறை வராந்தாவில் உட்கார்ந்து படிக்க வேண்டும். கபடி அணியிலும் ஆண்டு விழாவிலும் இடமில்லை. ஆயாம்மாவின் மருத்துவச் செலவு அவன் வீட்டுப் பொறுப்பு. பாதிக்கப்பட்டவர்களை அவன் நேரில் சந்திக்க வேண்டும்.

அந்தச் சந்திப்புக்கு நூலகத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டேன். ஆயாம்மா காலில் கட்டோடு வந்தார். எல்.கே.ஜி. குழந்தையின் அம்மா ஒருவர், எழுத்தர், பையன், அவன் பெற்றோர். பையன் நான்காக மடித்த ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு மன்னிப்பை ஒப்பிக்க ஆரம்பித்தான். "தம்பி, அதை மடித்து வை. நான் சொல்வதைக் கேள்" என்றார் அந்த அம்மா. அவருக்குத் தையல் ஆலையில் வேலை. செய்தி கேட்டு மெஷினை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறார். பஸ் நெரிசலில் நின்றதும் இறங்கி வெயிலில் ஓடியிருக்கிறார். பள்ளி வாசலில் போலீஸ் உள்ளே விடவில்லை. மைதானத்தில் அத்தனை சீருடைகளுக்கு நடுவே மகளைத் தேடிய நேரத்தைப் பற்றிப் பேசும்போது அவர் அழவில்லை, சேலை முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தார். அன்றைக்கு அரை நாள் சம்பளம் பிடித்துவிட்டார்கள் என்றார். பையன் நிமிர்ந்து பார்த்தது அப்போதுதான். ஒரு மணி நேரம் மைதானத்தில் நிற்போம், பிறகு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்பதுதான் அவன் கணக்கு. சம்பளம், பஸ், வெயில் எதுவும் அந்தக் கணக்கில் இல்லை.

என்ன செய்தால் சரியாகும் என்று ஆயாம்மாவைக் கேட்டேன். "என் கால் தேறுகிறவரை இவன் வந்து பிள்ளைகளை மாடி ஏற்றட்டும் டீச்சர்" என்றார் பட்டென்று. எனக்கு இது பிடித்துப்போனது. எல்.கே.ஜி. பெற்றோருக்குப் பிடிக்கவில்லை. குண்டு வைப்பதாகச் சொன்னவன் கையிலா எங்கள் பிள்ளை என்று மறுநாள் வாசலில் கூடிவிட்டார்கள். அவர்கள் கோபத்தில் தவறு காண முடியாது. ஆகவே பிள்ளைகள் வேண்டாம், பைகளையும் தண்ணீர்க் குடங்களையும் மட்டும் ஓர் ஆசிரியை உடனிருக்க மேலே ஏற்றினான். ஆயாம்மா கீழ்ப்படியில் முக்காலி போட்டு உட்கார்ந்து, இடது கையில் பிடி, வலது கையில் பிடி என்று அவனை விரட்டிக்கொண்டிருப்பார்.

வகுப்பில் அவனுக்குப் 'பாம்' என்று பெயர் வைத்தார்கள். அதை நிறுத்துவதுதான் எனக்குப் பெரும்பாடாக இருந்தது. கழகத் தலைவர் இன்றும் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். பையன் பொதுத்தேர்வில் தேறினான், பெரிய மதிப்பெண் இல்லை. மாற்றுச் சான்றிதழில் நடத்தை என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று மறுபடியும் ஒரு சண்டை. சிறாரின் குற்றம் அவன் எதிர்காலத்துக்குத் தகுதிக் குறைவாக ஒட்டிக்கொள்ளக் கூடாது என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 24ஆம் பிரிவு சொல்கிறது. அதைக் காட்டி 'நன்று' என்று எழுத வைத்தேன்.

இப்போது என் மேசையில் வேறொரு விஷயம் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன், தன்னை வகுப்பில் அவமானப்படுத்திய சக மாணவனின் பெயரை நோட்டின் கடைசிப் பக்கத்தில் திரும்பத் திரும்ப எழுதி அடித்திருக்கிறான். 'பார்க்கத்தானே போகிறாய்' என்று நண்பனிடம் சொல்லியிருக்கிறான், அந்த நண்பன் பயந்துபோய் என்னிடம் வந்தான். பள்ளித் தாக்குதல்களை ஆராய்ந்து அமெரிக்க ரகசிய சேவை 2002இல் வெளியிட்ட அறிக்கையில், தாக்கியவர்களில் பெரும்பாலோர் முன்கூட்டி நேரடியாக மிரட்டவில்லை என்றும், ஆனால் பெரும்பாலான சம்பவங்களில் வேறு யாருக்காவது முன்பே தெரிந்திருந்தது என்றும் இருக்கிறது. இந்தப் பையனுக்காக மோப்ப நாய் வரவில்லை, டி.சி. கேட்டு யாரும் வாசலில் கூடவில்லை. எனக்கோ பிளஸ் டூ பையனைவிட இவனை நினைத்துத்தான் கவலை. ஆலோசகரிடம் பேசிவிட்டேன், வியாழக்கிழமை வருகிறார். அதற்கு முன் இவன் அம்மாவை வரச் சொல்லியிருக்கிறேன், அவமானப்படுத்தியவனின் பெற்றோரையும் சேர்த்து.